பழைய இதழ்களுக்குக் காலப்பெட்டகமா, டிஜிட்டல் காப்பகமா? முழுமையான வழிகாட்டி

நின்றுபோன ஓர் இதழின் தொகுப்பு, ஒரு சங்கத்தின் ஆண்டு மலர்கள், பள்ளி நூற்றாண்டு மலர், யாரோ ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதிய கையெழுத்துப் பத்திரிகை. இப்படி ஏதோ ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதம் பழுப்பேறி ஓரம் உதிர ஆரம்பித்துவிட்டது. உடனே இரண்டு யோசனைகள் வரும். பெட்டியில் போட்டு மூடி, ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்பார் ஒருவர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. டைம் கேப்சூல் எனப்படும் காலப்பெட்டகம், யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்தாலும் தாக்குப்பிடிப்பதற்காகவே செய்யப்படுவது. தண்ணீரும், உள்ளே வைத்த காகிதத்தின் அமிலமும், வைத்த இடம் மறந்துபோவதும்தான் அதைக் கெடுப்பவை. டிஜிட்டல் நகலுக்கு நெருப்பும் வெள்ளமும் பெரிய பயமில்லை, நாலு இடத்தில் நாலு நகல் இருக்கும்வரை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டு யாரும் கண்டுகொள்ளாவிட்டால் அது சத்தமில்லாமல் அழிந்துவிடும். ஒன்று கவனிப்பின்மையைத் தாங்கும், விபத்தைத் தாங்காது. மற்றது விபத்தைத் தாங்கும், கவனிப்பின்மையைத் தாங்காது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு முடிவும் எளிதாகிவிடும்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் வேலையை முதலில் முடியுங்கள். அசலை ஒரு நூலகத்திடமோ பாதுகாப்பான அலமாரியிலோ சேருங்கள். அப்புறம், மிகுதியாக இருக்கும் பிரதியை மட்டும் பெட்டகத்தில் வையுங்கள். உலகில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அதைப் பெட்டகத்தில் வைக்கவே கூடாது. இதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் தயாரில்லை.

இதுவரை என்ன நடந்திருக்கிறது

அமெரிக்காவின் டல்சா நகரில் 1957இல் புத்தம்புது பிளிமத் பெல்வடேர் கார் ஒன்றைக் காங்கிரீட் அறைக்குள் இறக்கிப் புதைத்தார்கள். அணுகுண்டையும் தாங்கும் என்று நம்பிக் கட்டிய அறை அது. 2007இல் திறந்தபோது உள்ளே தண்ணீர் நின்றிருந்தது, கார் துருப்பிடித்துப் போயிருந்தது. காரே இப்படியானால் காகிதத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறாக, பாஸ்டனில் மாசசூசெட்ஸ் அரசு மாளிகையின் அடிக்கல்லில் 1795இல் அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர்களான சாமுவேல் ஆடம்ஸும் பால் ரெவியரும் வைத்த பெட்டகம். 1855இல் அதை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, சில பொருள்களைச் சேர்த்து, பித்தளைப் பெட்டியில் மறுபடி வைத்தார்கள். 2014இல் தண்ணீர்க் கசிவைச் சரிசெய்யும்போது அது மீண்டும் கைக்கு வந்தது. 2015 ஜனவரியில் திறந்தபோது மடித்து வைத்திருந்த செய்தித்தாள்கள் படிக்கும் நிலையில் இருந்தன. அவை மரக்கூழ்க் காகிதம் பரவுவதற்கு முந்தைய காலத்துத் தாள்கள். பருத்தி, லினன் கந்தலிலிருந்து செய்த அந்தக் காகிதம் இயல்பாகவே நீண்ட ஆயுள் கொண்டது. நம் கையில் இருக்கும் இருபதாம் நூற்றாண்டு இதழ்களில் பெரும்பாலானவை மரக்கூழ்த் தாளில் அச்சானவை. அந்த அதிர்ஷ்டம் நமக்கு இல்லை.

பெட்டகத்துக்கு அரசியலும் ஆபத்துதான். டெல்லி செங்கோட்டையில் 1973இல் புதைத்த காலப்பெட்டகத்தை, ஆட்சி மாறிய பிறகு 1977இல் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு இருக்கட்டும் என்று வைத்தது நாலே ஆண்டில் வெளியே வந்தது.

சரி, டிஜிட்டல் பக்கம் வருவோம். இங்கிலாந்தில் 1086இல் எடுத்த நிலக் கணக்குப் பதிவேடு டூம்ஸ்டே புத்தகம். அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி 1986இல் பிபிசி ஒரு டிஜிட்டல் டூம்ஸ்டேயை உருவாக்கி, லேசர் டிஸ்கில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அந்த டிஸ்கை ஓட்டும் கருவிகள் அருகிப்போய், உள்ளே இருப்பதைப் படிக்க பழைய கருவியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளை ஆராய்ச்சியாளர்கள் தனியாக எழுத வேண்டியதாயிற்று. தோல் ஏட்டில் மையால் எழுதிய 1086ஆம் ஆண்டுப் பதிவேட்டை இன்றும் திறந்து படிக்கலாம்.

பெரிய நிறுவனத்திடம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கைக்கும் அளவு வேண்டும். கூகுள் 2008இல் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்யும் பெரிய திட்டத்தைத் தொடங்கி, 2011இல் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் இணையவழி நூற்பட்டியல் மாதக்கணக்கில் முடங்கியது. 2024 அக்டோபரில், இணையப் பக்கங்களையும் நூல்களையும் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாள்கள் இணையத்திலிருந்தே மறைந்தது. இரண்டும் மீண்டு வந்தன, ஏனென்றால் அங்கே ஆள்கள் இருந்தார்கள்.

படி 1: கையில் இருப்பதைப் பட்டியலிடுங்கள்

ஸ்கேனரைத் தொடும் முன் ஒரு விரிதாளைத் திறங்கள். ஒவ்வோர் இதழுக்கும் ஒரு வரி. பெயர், மலர் எண், இதழ் எண், வெளியான தேதி, ஆசிரியர், வெளியிட்டவர், அச்சகம், பக்க எண்ணிக்கை, இல்லாத பக்கங்கள், கிழிசல், பூச்சி அரிப்பு, தாளின் அளவு. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பின்னால் தேடுபவருக்குப் படத்தைவிட இந்தப் பட்டியல்தான் முதலில் தேவைப்படும்.

பழைய தமிழ் இதழாக இருந்தால் ஒரு சிக்கல் வரும். முகப்பில் ஆங்கில ஆண்டே இல்லாமல் 'துன்மதி வருடம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கும். துன்மதி 60 ஆண்டுக்கு ஒரு முறை வரும். 1921இலும் வந்தது, 1981இலும் வந்தது. உள்ளே இருக்கும் விளம்பரம், செய்தி, அச்சகப் பெயர் ஆகியவற்றைப் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். பட்டியலில் இரண்டையும் எழுதுங்கள்: அச்சில் இருந்தபடி ஒன்று, நீங்கள் கணித்த ஆங்கில ஆண்டு ஒன்று. கணித்தது என்ற குறிப்பும் வேண்டும்.

அடுத்து, இதே இதழ் வேறு எங்காவது இருக்கிறதா என்று நூலகப் பட்டியல்களில் தேடுங்கள். உலக நூலகங்களின் கூட்டுப்பட்டியலான வேர்ல்ட்கேட்டில் தொடங்கலாம். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், விதவிதமான எழுத்துக்கூட்டிலும் தேட வேண்டும். எங்குமே அகப்படவில்லை என்றால் நீங்கள் வைத்திருப்பது அரிய பிரதி. அதற்குப் பெட்டகம் என்ற பேச்சே வேண்டாம்.

படி 2: உரிமையைப் பாருங்கள்

ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது வேறு, பொதுவில் ஏற்றுவது வேறு. இந்தியாவில் பொதுவாக ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரையும், ஐரோப்பிய நாடுகளில் 70 ஆண்டு வரையும் பதிப்புரிமை இருக்கிறது. ஓர் இதழில் முப்பது பேர் எழுதியிருப்பார்கள், முப்பது பேருக்கும் கணக்கு வேறு. தெளிவில்லாத இதழ்களுக்கு வெளியீட்டாளரிடமோ வாரிசுகளிடமோ ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் ஸ்கேனை நிறுத்த வேண்டாம். உரிமைக் காலம் முடியும்வரை மூடிய தொகுப்பாக வைத்திருக்க முடியுமா என்று நூலகத்திடம் கேளுங்கள். காலப்பெட்டகத்துக்கு இந்தக் கவலை கிடையாது. அது யாருக்கும் நகல் கொடுப்பதில்லை.

படி 3: அசலைத் தயார்செய்யுங்கள்

மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி. துருப்பிடித்த ஸ்டேப்பிள் முள்ளைப் பின்பக்கம் நிமிர்த்தி மெதுவாக எடுங்கள். ரப்பர் பேண்டு, ஜெம் கிளிப் எல்லாம் வெளியே போகட்டும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு அதை எடுப்பது நிபுணர் வேலை. கிழிந்த துண்டை ஒரு காகித உறையில் போட்டு, பக்க எண் எழுதி, அதே இடத்தில் வைத்தால் போதும். பூச்சி நடமாட்டம் இருந்தால் அந்தக் கட்டை மட்டும் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

படி 4: ஸ்கேன் செய்யுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். உதிரும் தாளை இரண்டாம் முறை தொட முடியாமல் போகலாம். அதனால் ஒரே முறையில் சரியாகச் செய்ய வேண்டும்.

தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடர் ஸ்கேனரைப் பழைய தாளுக்குப் பயன்படுத்தாதீர்கள். தனித்தாளாக இருந்தால் சமதள ஸ்கேனர் போதும். பைண்டு செய்த தொகுதியாக இருந்தால் கேமராதான் நல்லது. புத்தகத்தை முழுக்க விரிக்காமல், ஆங்கில 'வி' வடிவத் தாங்கியில் 90 முதல் 120 பாகை வரை திறந்து, பக்கத்துக்கு நேர் எதிரே கேமராவை நிறுத்தி எடுக்க வேண்டும். வேகத்துக்காக முதுகை வெட்டித் தாள் தாளாகப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கடந்த நூற்றாண்டில் பல நூலகங்கள், பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதியும் மைக்ரோஃபிலிம் எடுத்த கையோடு செய்தித்தாள் தொகுதிகளைக் கழித்துக்கட்டின. கறுப்புவெள்ளைப் படச்சுருளில் வண்ணப் பக்கங்களும் மங்கலான படங்களும் சரியாக விழவில்லை என்பது பின்னால் தெரிந்தபோது, திரும்பிப் பார்க்க அசல் இல்லாமல் போயிற்று.

தெளிவு 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி) வைத்துக்கொள்ளுங்கள். 300க்குக் கீழே போகாதீர்கள். எழுத்து மட்டுமே உள்ள பக்கத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள். தாளின் பழுப்பு, மை ஊறிய கறை, பென்சில் குறிப்பு எல்லாம் தகவல்தான். பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாளை வைத்து எடுங்கள். வெற்றுப் பக்கம், அட்டையின் உட்புறம், சந்தா விவரம், விளம்பரம் எதையும் விடாதீர்கள். நாற்பது ஆண்டு கழித்து வருகிறவர் கதையைவிட விளம்பரத்தைத்தான் முதலில் புரட்டுவார்.

மூலக் கோப்பைச் சுருக்கம் செய்யாத டிஃப் (TIFF) படக்கோப்பு வடிவில் சேமியுங்கள். ஏ4 அளவுப் பக்கம் 400 டிபிஐ வண்ணத்தில் சுமார் 46 மெகாபைட் வரும். 64 பக்க இதழ் ஒன்று ஏறக்குறைய 3 ஜிகாபைட். பத்து ஆண்டு மாத இதழ் என்றால் 120 இதழ்கள், 360 ஜிகாபைட். பயப்படும் அளவு இல்லை, ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க் தாங்கும். படிப்பவருக்குத் தருவதற்கு அதிலிருந்து சிறிய ஜேபெக்கும் பிடிஎஃப்பும் தயாரியுங்கள். பிடிஎஃப் செய்யும்போது நீண்டகாலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ வகையைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது அதன் விதி.

கோப்புப் பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டும் இருக்கட்டும். இதழின் பெயர்ச் சுருக்கம், ஆண்டு, மாதம், பக்கம் என்ற வரிசையில், எண்களை 001 என்று பூஜ்யம் சேர்த்து எழுதினால் எந்தக் கணினியிலும் வரிசை குலையாது.

படி 5: எழுத்தாக்கமும் விவரக் குறிப்பும்

படமாக மட்டும் இருந்தால் யாரும் தேடி எடுக்க முடியாது. ஓசிஆர் எனப்படும் எழுத்துணரி மென்பொருள் வழியாக ஓட்டுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் தமிழைப் படிக்கும். ஆனால் பழைய அச்சில் திணறும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான இதழ்களில் லை, னை, ணை போன்றவை மேலே சுழித்த கொம்போடு இருக்கும். றா, னா, ணா ஆகியவை கால் போடாமல் ஒரே எழுத்தாக இருக்கும். மென்பொருள் அவற்றை வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எந்த எழுத்தை எப்படித் தவறாகப் படிக்கிறது என்று பத்துப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டால், மீதிப் பக்கங்களில் அதே பிழைகளை மொத்தமாகத் தேடித் திருத்தலாம்.

பிழைதிருத்தத்துக்கு ஆள் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டுரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்களின் எழுத்தாக்கப் பிழைகளை வாசகர்களே திருத்துகிறார்கள். முழு இதழும் திருந்தும்வரை காத்திராமல் பிழையோடு ஏற்றுங்கள். கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயரும் மட்டும் கையால் தட்டச்சு செய்தவையாக இருக்கட்டும். தேடுபவரில் பெரும்பாலோர் அவற்றைத்தான் தேடுவார்கள்.

எழுத்தைச் சேமிக்கும்போது யூனிகோடு தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். பாமினி, டிஸ்கி ஆகிய பழைய எழுத்து முறைகளில் தட்டச்சு செய்த கோப்புகளை இன்று திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. எழுத்துரு மாற்றி வைத்திருப்பவரால் மீட்க முடிகிறது, மற்றவர்கள் கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். உங்களிடம் பழைய டிடிபி கோப்புகள் இருந்தால் அசல் கோப்பு, எழுத்துரு, யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு மூன்றையும் சேர்த்தே வையுங்கள்.

படி 6: நகல்களும் சோதனைகளும்

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். 3-2-1 என்று சொல்லும் இந்த விதி பழையது, இன்றும் போதுமானது. ஒரு நகல் உங்கள் கணினியோடு இணைந்த ஹார்ட் டிஸ்கில், ஒன்று கிளவுடில், ஒன்று வேறு நகரில் இருக்கும் நம்பிக்கையானவரிடம். சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மின்சாரம் தராமல் ஆண்டுக்கணக்கில் டிராயரில் போட்டுவைத்தால் அதில் உள்ள மின்னூட்டம் கசிந்து தரவு போகலாம். நீண்டகாலச் சேமிப்புக்கு அது ஏற்றதில்லை. வீட்டில் எழுதிய சிடி, டிவிடியையும் நம்பாதீர்கள், அவற்றின் சாயப் படலம் மங்கும்.

நகல் இருப்பது மட்டும் போதாது, அது மாறாமல் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் செக்சம். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் ஒரு நீண்ட குறியீட்டைக் கணினி தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியீடு முழுக்க மாறிவிடும். ஸ்கேன் முடிந்த அன்றே எல்லாக் கோப்புகளுக்கும் இதைக் கணக்கிட்டு ஓர் எழுத்துக் கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒரு நகலில் வித்தியாசம் தெரிந்தால் கெடாத நகலிலிருந்து எடுத்து மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்கை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே, புதிதுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 7: நிறுவனத்திடம் சேருங்கள்

தனி ஆள் நடத்தும் இணையதளம் அவர் டொமைன் கட்டணம் கட்டும்வரைதான். அதனால் குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் முழுத் தொகுப்பையும் கொடுங்கள். 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவில் யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். தமிழ் வெளியீடுகளுக்கு, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேமிக்கும் நூலகம் நிறுவனம், சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை இருக்கின்றன. அவர்களுடைய சேகரிப்பு வரம்புக்குள் உங்கள் இதழ் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் உருவான லாக்ஸ் திட்டத்தின் பெயரே 'நிறைய நகல் இருந்தால் பொருள் பத்திரம்' என்ற பொருள் கொண்ட வாக்கியத்தின் சுருக்கம். நூலகங்கள் ஒன்றின் நகலை இன்னொன்று சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நாம் செய்வதும் அதன் சிறிய வடிவம்தான்.

அசல் பிரதிகளையும் இதே நேரத்தில் ஒப்படைத்துவிடலாம். கொடுக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்: ஸ்கேன் செய்தபின் அசலைக் கழிக்க மாட்டோம், கழிப்பதானால் முதலில் உங்களுக்குத் தெரிவிப்போம் என்று.

படி 8: இனி பெட்டகம்

இவ்வளவு செய்தபின் பெட்டகம் எதற்கு? இணையத்தில் ஏற்றிய இதழை நாளைக்கே யாரும் படிக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து இன்ன நாளில், இன்னார் முன்னிலையில் திறக்கும் பெட்டி என்பது குறிப்பிட்ட ஒரு தலைமுறைக்கு எழுதிய கடிதம். இன்று வெளியே சொல்ல முடியாததை அதில் எழுதலாம். இதழ் ஏன் நின்றது, யார் யாரோடு முரண்பட்டார்கள், கடைசி இதழ் அச்சுக்குப் போன அன்று அலுவலகத்தில் என்ன பேசினார்கள் என்றெல்லாம். அதோடு தாளின் கனம், அச்செழுத்து அழுத்திய தடம், மடிப்பு, தபால்தலை ஒட்டிய உறை ஆகியவை எந்த ஸ்கேனிலும் வராது. பெட்டகத்தில் வைக்க வேண்டியவை இவைதான்.

காலம்: 25 முதல் 50 ஆண்டு என் பரிந்துரை. வைத்ததை நினைவில் வைத்திருக்கும் ஒருவராவது திறக்கும்போது உயிரோடு இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுக் கனவுகள் உண்டு. அமெரிக்காவின் ஓகில்தார்ப் பல்கலைக்கழகத்தில் 1940இல் மூடிய 'நாகரிகக் கல்லறை' 8113ஆம் ஆண்டு திறக்க வேண்டியது. அதற்கு அவர்கள் பாறைமேல் ஓர் அறையையே ஒதுக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கதவைப் பற்றவைத்து மூடினார்கள். நம் வசதிக்கு அரை நூற்றாண்டே பெரிது.

இடம்: புதைக்காதீர்கள். மண்ணுக்குள் போனது என்றைக்காவது நனையும். கட்டடத்துக்குள், தரைத்தளத்துக்கு மேலே, தண்ணீர்க் குழாய் போகாத உட்சுவரில் ஒரு மாடம் போதும். வெளிச்சுவர் வெயிலில் சூடேறி இரவில் குளிரும், உள்ளே ஈரம் கோக்கும்.

பெட்டி: 304 அல்லது 316 ரக துருப்பிடிக்காத எஃகு. மூடியைப் பற்றவைக்கலாம், அல்லது சிலிகோன் வளையம் வைத்துப் போல்ட் போட்டு இறுக்கலாம். பற்றவைப்பதானால் சூடு உள்ளே எட்டாதபடி விளிம்பை உயர்த்திச் செய்யச் சொல்லுங்கள். பிவிசி குழாய் மலிவாகக் கிடைக்கும் என்று அதில் போடுகிறார்கள். பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிவரும், உள்ளே இருப்பதை அதுவே தின்றுவிடும். உறைகளும் அப்படித்தான்: பாலியெஸ்டர், பாலிதீன், பாலிபுரொப்பிலீன் சரி, வினைல் வேண்டாம்.

உள்ளடக்கம்: செய்தித்தாள் மிக ஆபத்தானது. மரக்கூழில் இருக்கும் லிக்னினும், அச்சுத்தாள் தயாரிப்பில் சேர்த்த படிகாரமும் அமிலத்தை உண்டாக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த அமிலம் வெளியேற வழியில்லை, தாளின் சிதைவு வேகமாகும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். செய்தித்தாள் அசலை வைத்தே ஆக வேண்டும் என்றால் காரம் சேர்த்த அமிலமற்ற தாள்களுக்கு நடுவே வைத்துத் தனி உறையில் போடுங்கள். அதன் நகலை அமிலமற்ற தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்துச் சேருங்கள். லேசர் மையில் இருப்பது கரி, அது மங்காது. புகைப்படத்தில் கறுப்புவெள்ளைதான் நெடுநாள் நிற்கும். கடிதங்களைப் பென்சிலிலோ நிறமி மையிலோ எழுதச் சொல்லுங்கள். பால்பாயிண்ட் மையை நம்ப வேண்டாம். ரப்பர், கம்பளி, பேட்டரி, திரவம், விதை, உணவுப்பொருள் எதுவும் கூடாது.

மூடும் முன் எல்லாப் பொருளையும் ஈரப்பதம் 35 முதல் 40 சதவீதம் உள்ள அறையில் சில வாரம் வைத்திருங்கள். மழைக்காலத்தில் மூடாதீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்தே அடைத்துவிடுவீர்கள்.

பென் டிரைவ் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். கவனிப்பு இல்லாமல் வாழ முடியாத ஒன்றை, யாரும் கவனிக்க முடியாத இடத்தில் கொண்டுபோய் வைப்பது அது. ஐம்பது ஆண்டு கழித்து அதில் தரவும் இருக்காது, செருகும் துளையும் இருக்காது. நிறையப் பக்கங்களைச் சிறிய இடத்தில் வைக்க விரும்பினால் மைக்ரோஃபிலிம் இருக்கிறது. பாலியெஸ்டர் அடித்தளத்தில் எடுத்த வெள்ளி உப்புப் படச்சுருள் நல்ல சூழலில் 500 ஆண்டு வரை நிற்கும் என்று கணிக்கிறார்கள். படிக்க ஒரு லென்ஸும் வெளிச்சமும் போதும். பழைய அசிடேட் படச்சுருள் மட்டும் வேண்டாம், அது வினிகர் வாடையோடு சுருங்கிப்போகும்.

பெட்டகமும் டிஜிட்டலும் உண்மையிலேயே இணைந்த இடம் ஒன்று உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் 2017இல் தொடங்கிய ஆர்க்டிக் உலக ஆவணக் காப்பகம். மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்ஹப் நிறுவனம் 2020இல் 21 டெராபைட் நிரல்களை 186 படச்சுருள்களில் பதிந்து அங்கே வைத்தது. அவற்றைப் படிக்கும் முறையை மனிதக் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். உங்கள் சிறிய பெட்டகத்திலும் இதைச் செய்யலாம்: முதல் தாளிலேயே உள்ளே இருப்பதன் முழுப் பட்டியல், ஒவ்வொன்றும் ஏன் வைக்கப்பட்டது, டிஜிட்டல் நகல் எந்தெந்த நிறுவனத்திடம் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அச்சில் இருக்கட்டும்.

படி 9: இருப்பிடத்தை மறக்க விடாதீர்கள்

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 6939ஆம் ஆண்டுவரை இருக்கும்படி ஒரு பெட்டகத்தைப் புதைத்தது. செம்புக் கலப்பு உலோகம், பதினைந்து மீட்டர் ஆழம் என்று பாதுகாப்பு பலமாக இருந்தும், அவர்கள் அதோடு விடவில்லை. பெட்டகத்தின் இருப்பிடத்தையும் கண்டுபிடிக்கும் முறையையும் விளக்கும் பதிவேடு ஒன்றை அச்சிட்டு, ஆயிரக்கணக்கான பிரதிகளை உலகெங்கும் நூலகங்கள், அருங்காட்சியகங்கள், மடாலயங்களுக்கு அனுப்பினார்கள். இரும்பையும் செம்பையும்விட அந்தப் பிரதிகளைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. சுவரில் பெயர், மூடிய நாள், திறக்கும் நாள் செதுக்கிய கல் அல்லது உலோகப் பட்டயம். கட்டட வரைபடத்தில் ஒரு குறி. சொத்துப் பத்திரங்களோடு ஒரு தாள். மூடிய நாளின் புகைப்படம், உள்ளடக்கப் பட்டியல், சுவரில் சரியான அளவு ஆகியவற்றோடு டிஜிட்டல் தொகுப்பிலேயே ஒரு பதிவு. ஓகில்தார்ப் பல்கலைக்கழகத்தில் 1990இல் உருவான சர்வதேச டைம் கேப்சூல் சங்கம் பெட்டகங்களைப் பதிவு செய்து வந்திருக்கிறது, அங்கேயும் எழுதிவைக்கலாம். கட்டடம் கைமாறும்போது அல்லது இடிபடும்போது முதலில் காணாமல்போவது சுவருக்குள் இருப்பதுதான்.

படி 10: பொறுப்பை ஒப்படையுங்கள்

கடைசி வேலை ஒரு பக்கக் குறிப்பு. அமைப்பாக இருந்தால் செயலாளர் பொறுப்பு மாறும்போது கைமாறும் கோப்பில் இது இருக்க வேண்டும்; தனியாளாக இருந்தால் உங்களைவிட இருபது வயதாவது இளைய இருவரிடம் கொடுங்கள். அதில் எழுத வேண்டியவை: மூன்று நகல்களும் எங்கே இருக்கின்றன, கிளவுட் கணக்கு யார் பெயரில், கடவுச்சொல்லை எப்படி அடைவது, கட்டணம் எந்த மாதம் கட்ட வேண்டும், செக்சம் கோப்பு எங்கே, அதை ஒப்பிடும் கட்டளை என்ன, ஹார்ட் டிஸ்க் வாங்கிய தேதி, அடுத்து மாற்ற வேண்டிய தேதி, அசல் எந்த நூலகத்தில், பெட்டகம் எந்தச் சுவரில், எந்த நாளில் திறக்க வேண்டும், அதற்குள் கட்டடத்துக்கு ஏதாவது ஆனால் பெட்டியை யாரிடம் சேர்க்க வேண்டும். ஆண்டுச் சோதனை முடிந்ததும் அதே தாளில் தேதியும் செய்தவர் பெயரும் எழுத ஒரு கட்டம் போடுங்கள். இரண்டு கட்டம் தொடர்ந்து காலியாக இருந்தால், தொகுப்பை வாங்கிக்கொண்ட நிறுவனத்துக்கு எழுதி, இனி முதன்மை நகல் அவர்களுடையதே என்று அறிவித்துவிட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவையுங்கள்.